முதல் பார்வைக்கு எதிரே

கள்ளக்குறிச்சி,
12-3-1986.

அன்புத் தங்கை பெரியநாயகிக்கு அண்ணன் பிச்சைமுத்து எழுதுவது.

நானும் உன் அண்ணி ஜெயம்மாளும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? மலைக்காற்று நெஞ்சில் இறங்கிவிடப் போகிறது, காதைக் கட்டிக்கொண்டு போ. அரசாங்கம் உன்னை நர்ஸாகப் போட்டது மலை ஜனங்களுக்கு ஊசி போடத்தான். நீயே ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. பேர்தான் பெரியநாயகி, ஆள் நாலரை அடி.

முதலில் சிரிக்கிற சங்கதி. போன மாதம் ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஒன்பதடி முனியப்பனுக்கு வர்ணம் அடித்துக் கண் திறந்தேன் அல்லவா? ஊர்ப் பேரை எழுதமாட்டேன். இன்லண்ட் கடிதத்தை ஓரமாகப் பிதுக்கிப் படிக்கிற ஆட்கள் உண்டு. சாமி நேராக ஏரியைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு. கண் திறந்து, பூசணிக்காய் உடைத்து, நான் கீழே இறங்கினால் ஊரே கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. சாமி ஏரியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கிற பால் சொசைட்டியைப் பார்த்து முறைக்கிறது!

"இன்னாய்யா பெயிண்டரே, சாமிக்கும் பால்காரனுக்கும் இன்னா தகராறு?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. ஒருமுறை திறந்த கண்ணில் மறுபடி பிரஷ் வைக்கக் கூடாது. அடுத்த கும்பாபிஷேகம் வரை அப்படியேதான் இருக்கும். பன்னிரண்டு வருஷம்! ஆனால் கேள். மறுநாளிலிருந்து அந்தச் சொசைட்டிப் பாலில் தண்ணீர் இல்லையாம். பெண்கள் எல்லாம் எனக்கு ஒரு குடம் மோர் கொடுத்தனுப்பினார்கள். எப்படி என் கைவரிசை?

இரண்டாவது சங்கதிதான் பெரியது. நைனார்பாளையம் போகிற வழியில் ஒரு ஊரில், ரோட்டு வளைவில், உட்கார்ந்த முனியப்பன் கட்டுகிறார்கள். இருபத்தேழு அடி. சிமெண்டு வேலை பாதி முடிந்துவிட்டது. அந்த வளைவில் பஸ்ஸும் லாரியும் கவிழ்ந்துகொண்டே இருக்கிறதாம். அதனால் சாமி பார்வை நேராக ரோட்டின் மேல் விழ வேண்டும் என்பது ஊர்க்கட்டு. வர்ணமும் கண் திறப்பும் என் பொறுப்பு என்று தர்மகர்த்தா அம்மாசி வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிட்டார். வருகிற தையில் கண் திறப்பு. ஒவ்வொரு கண்ணும் இரண்டடி அகலம், பெரியநாயகி! பிரஷ் பிடித்த நாளிலிருந்து நான் இப்படி ஒரு முகத்துக்குத்தான் காத்திருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. அண்ணி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன் பிச்சைமுத்து.


வெள்ளிமலை,
29-3-1986.

அண்ணனுக்குப் பெரியநாயகி எழுதிக்கொள்வது.

எனக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை. அட்டை மட்டும் கடித்தது, அதுவும் என்னைக் கடித்து ஏமாந்துபோய் விழுந்துவிட்டது. நீயும் அண்ணியும் வெயிலில் அலையாமல் இருங்கள். உன் கடிதம் ஜீப் வந்த அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது.

இருபத்தேழு அடி என்று படித்ததும் இங்கே எனக்கு ஒத்தாசையாக இருக்கிற பெருமாயியிடம் சொன்னேன். "அம்மாடி, நம்ம புளியமரம் ஒசரம் இருக்குமே! அதுக்குக் கண்ணு வைக்கிறது உங்க அண்ணனா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை.

பால் சொசைட்டிக் கதையைப் படித்து நானும் சிரித்தேன். ராத்திரிச் சோறு தின்னும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணே, தீப்பெட்டி மேலே நம் இரண்டு பேர் முகத்தையும் மூக்கு முழியோடு எழுதினவன் நீ. ஒன்பதடிச் சாமிக்குக் கண் எப்படிக் கோணும்? இன்னொன்றும் கேட்கிறேன். உன் கடிதத்தில் இடப்பக்கம் ஏன் மூன்று விரல் இடம் விட்டு எழுதியிருக்கிறாய்? முன்பெல்லாம் ஓரம் வரைக்கும் நெருக்கி எழுதி, போதாமல் மடிப்பிலும் எழுதுவாயே.

ஒரு பரீட்சை சொல்கிறேன். அண்ணியை எதிரே உட்கார வை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அண்ணி மூக்கையே பார். அவள் கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே மெதுவாக உள்ளே கொண்டுவரட்டும். விரல் எப்போது தெரிகிறது என்று சொல். இரண்டு கண்ணுக்கும் செய்து பார்த்து எனக்கு எழுது. விளையாட்டாக நினைக்காதே.

அண்ணிக்கு என் அன்பு.

பெரியநாயகி.


கள்ளக்குறிச்சி,
25-5-1986.

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி என்று எழுது, அட்டை உடம்பு எப்படி என்றும் எழுது.

வேலை தலைக்கு மேல். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர்களுக்கெல்லாம் பேர் எழுதினேன். ஒருத்தர் டிராக்டரில் தன் மாமியார் பேரை எழுதச் சொன்னார். "ஏங்க?" என்றேன். "ரிவர்ஸ்ல எடுக்கும்போது ஒரு சந்தோஷம்" என்கிறார்!

முனியப்பனுக்கு மார்பு வரை பூச்சு முடிந்தது. மீசை ஒன்றே நாலு முழம் வரும். முறுக்கினால் நம் வீட்டு நிலைப்படியில் நுழையாது.

நீ சொன்ன பரீட்சையைச் செய்தோம். வலது கண்ணில் அண்ணி விரல் மட்டுமில்லை, அவள் மூக்குத்தியில் ஒரு கல் விழுந்திருப்பதுகூடத் தெரிந்தது. இப்போது அதை மாற்றித் தரச் சொல்லி ஒரே ரகளை. எல்லாம் உன்னால் வந்தது.

அண்ணன்.


கள்ளக்குறிச்சி,
2-6-86

பெரியநாயகிக்கு அண்ணி ஜெயம்மா எழுதறது. நான் நல்லா கீறேன். நீ வேளைக்குத் துன்றியா? இந்தக் கடுதாசி எழுதறது உங்க அண்ணனுக்குத் தெரியாது. நாலாவது படிச்சவ எழுத்து, பாத்துப் படிச்சிக்கோ.

அந்த வெரல் பரீச்சை செஞ்சோம். வலது கண்ணுக்கு வெரலு பாதி தூரம் உள்ள வந்தப்புறந்தான் தெரியுதுன்னாரு. அப்பால எடது கண்ணு. நான் கைய அவரு மூக்குக்கு நேரா வச்சி ஆட்டிக்கினு இருக்கேன், "இன்னா ஜெயா, ஆரம்பிச்சிட்டியா?"ன்னு கேக்கறாரு. எனக்குக் கையி அப்பிடியே நின்னுப்போச்சி. "இல்ல, அடுப்புல கொழம்பு கொதிக்குது, நாளைக்கிப் பாக்கலாம்"னு எழுந்து போயிட்டேன். அடுப்பாண்ட குந்திக்கினு நான் அழுதது எனக்குத்தான் தெரியும். நாளைக்கி நாளைக்கின்னு நானும் கூப்புடல, அவரும் கேக்கல.

ஒரு வருசமா சோத்துக்குக் குந்தறப்போ வலப்பக்கமே குந்துன்றாரு. சந்தைக்குப் போனாலும் வலப்பக்கமே வான்றாரு. கட்டிக்கினு பதினெட்டு வருசம் ஆனப்புறம் இன்னாடா ஆசை ஜாஸ்தி ஆவுதுன்னு நான் பூ வச்சிக்கினு போனேன். இப்பத்தான் வெளங்குது. அந்தப் பக்கம் இருந்தாத்தான் என் மூஞ்சி தெரியும் அவருக்கு.

நீ பெருசா படிச்சவ. இன்னா செய்யணுமோ செய்யி. நான் எழுதனேன்னு சொல்லிடாத.

ஜெயம்மா.


வெள்ளிமலை,
20-6-1986.

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க இந்தத் தடவை எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு கண்ணைக் கேட்டேன். ஒரு கண்ணுக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூலை ஏழாம் தேதி திங்கட்கிழமை காலை கச்சிராயபாளையம் பஸ்ஸில் வந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். நீ அங்கே குளித்துச் சட்டை மாற்றி நிற்க வேண்டும். இரண்டு பேரும் பாண்டிச்சேரி போகிறோம், கண் ஆஸ்பத்திரிக்கு. நீ நிற்காவிட்டால் உன்னைத் தேடி நைனார்பாளையம் ரோட்டுக்கே வந்து, சாரத்துக்குக் கீழே நின்று, ஊர் முன்னால் அழுவேன். நான் அழுதால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஏழு வயதில் உன் பெயிண்ட் டப்பா உருண்டதற்கே தெருவைக் கூட்டினவள் நான்.

பெரியநாயகி.


கள்ளக்குறிச்சி,
30-7-1986.

அன்புத் தங்கைக்கு,

நீ மலை ஏறிச் சேர்ந்துவிட்டதாக எழுதின கடிதம் வந்தது. கால் வீக்கம் வடிந்ததா? இங்கே நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதில் இனிமேல் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாண்டிச்சேரியில் டாக்டர் முன்னால் நான் வாயே திறக்கவில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். என்னத்தைப் பேச? கண்ணுக்குள் பிரஷர் என்றார். ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது என்றார். இடது கண் போனது போனதுதான், வராது என்றார். எனக்கு அது ஒரு வருஷமாகத் தெரியும். வலது கண்ணில் இப்போது வளையல் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிகிறது. சொட்டு மருந்தைத் தினமும் விட்டுவந்தால் அந்த வளையல் நிற்கும். நிறுத்திவிட்டால் மோதிரமாகிப் போகும். அவ்வளவுதானே? புரிந்துகொண்டேன்.

ஆனால் பெரியநாயகி, அந்த வளையலுக்குள் தெரிவதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கிறது. என் கை ஆடவில்லை. முனியப்பனுக்குக் கழுத்து வரை முடித்துவிட்டேன், ஒரு இடத்தில்கூட பிரஷ் தடம் தெரியாது. வந்து தடவிப் பார்.

மருந்து எரிகிறது. சாரத்தில் ஏறுகிற அன்றைக்கு விட்டுக்கொள்வதில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நான் வேலை செய்ய முடியாது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது நம் மூன்று பேரோடு இருக்கட்டும். அந்த முகத்தை நான் முடிக்கிற வரைக்கும்.

அண்ணன்.


கள்ளக்குறிச்சி,
5-10-1986.

பெரியநாயகி,

அம்மாசி என்னைக் கூப்பிட்டு, நீ அவருக்கு எழுதின கடிதத்தை என் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னார். எனக்குப் படிக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் கொடுத்தார்போல. கோயில் கமிட்டி ஆட்கள் ஏழு பேர் முன்னால் சத்தமாகப் படித்தேன். 'என் அண்ணனுக்கு இடது கண் பார்வை முற்றிலும் இல்லை, வலது கண்ணும் சுருங்கிவருகிறது, தயவுசெய்து அவரைச் சாரத்தில் ஏற்ற வேண்டாம்.' ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை. உன் கையெழுத்து எப்போதும் போல அழகு.

பால் சொசைட்டிச் சங்கதியும் அவர்கள் காதுக்கு வந்துவிட்டது. முகத்துக்குச் சேலத்திலிருந்து வேறு பெயிண்டரைக் கூப்பிடுகிறார்கள். நான் கழுத்தோடு நிற்க வேண்டுமாம்.

போஸ்டர் எழுதி எழுதி உன்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். அதைச் சொல்லிக் காட்ட மாட்டேன் என்று நினைத்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

பிச்சைமுத்து.


கள்ளக்குறிச்சி,
14-12-1986.

அன்புத் தங்கை பெரியநாயகிக்கு,

மழை விட்டதா? மலை ரோடு உடைந்து ஜீப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அரிசி பருப்பு இருக்கிறதா, இல்லை சாமைச் சோறுதானா? இங்கே நானும் ஜெயாவும் நன்றாக இருக்கிறோம். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

உன் மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். நேற்றுத்தான் பிரித்துத் தேதிவாரியாகப் படித்தேன். மூன்றிலும் ஒரே சங்கதி. சாரத்திலிருந்து நான் விழுகிற மாதிரி உனக்குக் கனவு வந்தது, பயத்தில் எழுதிவிட்டாய். பைத்தியமே, அதை முதலில் எனக்கல்லவா எழுதியிருக்க வேண்டும்? போகட்டும். நான் கடைசியாக எழுதின வரியை நீ மறந்துவிடு. எழுதின கை வெட்கப்படுகிறது.

இப்போது நடந்ததைக் கேள். சேலத்துப் பெயிண்டர் வந்தார். நல்ல மனுஷன், முகத்துப் பூச்சைச் சுத்தமாகச் செய்தார். கண் திறப்புப் பேச்சு வந்ததும், "எதிர்ல ஒரு ஆள நிக்க வைங்க, அவர் கீழருந்து சொல்லச் சொல்ல நான் வச்சிடறேன்" என்றார். இருபத்தேழு அடி முகத்துக்கு முன்னால் சாரத்தில் நிற்கிறவனுக்கு மூக்கு தெரிந்தால் காது தெரியாது. யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் கண் திறக்கும்போது சாமிக்கு எதிரே மனுஷர் நிற்கக் கூடாதே! முதல் பார்வை உக்கிரம், தாங்காது, ரத்தம் கக்கிச் சாவார்கள் என்று ஊர் நம்பிக்கை. கண்ணாடியும் பசுவும் கன்றும்தான் எதிரே இருக்கும். "அப்ப முன்னாடியே கீழருந்து பாத்து சாக்பீஸ்ல ஒரு பொட்டு வச்சிக்கறேன்" என்றார். "கண்ணு வெள்ளையில பொட்டு வச்சாலே தொறந்த மாதிரிதாங்க" என்று அம்மாசி கையெடுத்துக் கும்பிட்டார். சேலத்துக்காரர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அன்றைக்கே நான் போய்க் கமிட்டி முன்னால் நின்றேன். "என் ரெண்டு கண்ணையும் துணியால கட்டுங்க" என்றேன். கட்டினார்கள். கோயில் மதிலில் இரண்டு ஆணி அடித்து நூல் கட்டினேன். நூலில் முடிச்சுப் போட்டு, முடிச்சிலிருந்து ஜாண் அளந்து, மட்டம் பார்க்கத் தூக்குக்குண்டு விட்டு, இரண்டடிக் கண் ஒரு ஜோடி எழுதினேன். கட்டை அவிழ்த்ததும் அம்மாசி முழம் போட்டுப் பார்த்தார், தூரப் போய்ப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இன்னாய்யா பிச்சைமுத்து! கண்ணக் கட்டிக்கினு போட்டது நேரா கீது. தொறந்துக்கினு போட்டது பால் சொசைட்டியப் பாக்குது. இன்னா வித்தை இது?"

"ஒன்பதடிதானேன்னு அன்னிக்கி நான் நூல் கட்டலைங்க. கண்ண நம்பிட்டேன்" என்றேன். அது சத்தியம். என் கண் எனக்குக் காட்டாத பாதியை, இருக்கிறது என்றே நினைத்துக் கை வைத்துவிட்டேன்.

வேலை மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. இடுப்பில் கயிறு கட்டித்தான் ஏறுவேன், உன் கனவுக்கு அதைச் சொல்லிவிடு. ஆனால் கமிட்டி ஒரு கட்டு வைத்திருக்கிறது. என்னை மட்டும் நம்பிப் பன்னிரண்டு வருஷத்தை ஒப்படைக்க முடியாதாம். வழக்கத்தை மீறினாலும் பரவாயில்லை, எதிரே ஒரு ஆள் நின்று சரி என்று சொன்னால்தான் பிரஷ் வைக்கலாம். அப்படி நிற்கிறவர் தானாக மனம் ஒப்பி வரவேண்டும். ஊரில் மீசைக்காரர்கள் நிறையப் பேர், ஒருத்தனும் வரவில்லை. தைக் கடைசி வெள்ளிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் முனியப்பன் கண் இல்லாமலே உட்கார்ந்திருப்பார்.

நீ என்ன எழுதப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். நான் சாமிக்கு வர்ணம் அடிக்கிறவன், எனக்கும் பயம் உண்டு.

அண்ணன்.


வெள்ளிமலை,
24-12-1986.

அண்ணே,

உன் கடிதத்தின் மேல் 'அன்புத் தங்கை' என்று பார்த்ததும் பெருமாயியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் பயந்துபோய் எனக்குத் திருநீறு வைத்தாள். சாமைச் சோறுதான், நன்றாகத்தான் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் செய்தது தப்பு. பயந்தது தப்பில்லை, உனக்குத் தெரியாமல் எழுதினது தப்பு. அதற்கு என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நான் வந்து நிற்கிறேன்.

வேண்டாம் என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? யோசித்துப் பார். உன் கை நேராக வைக்கும் என்றால் அந்தப் பார்வை என் தலைக்கு மேலே போய் ரோட்டில் விழும். நான் நாலரை அடிதானே, நீயே சொல்வாயே! கோணலாக வைப்பாய் என்றால்தான் நான் பயப்பட வேண்டும். எனக்குப் பயம் இல்லை. உனக்கு இருந்தால் உன் கையை நீயே நம்பவில்லை என்று அர்த்தம்.

பெருமாயியிடம் சொன்னேன். "சாமி பாத்தா நல்லதுதானம்மா. இங்க நம்மள யாரு திரும்பிப் பாக்கறாங்க?" என்றாள். நானும் அவள் கட்சி.

பெரியநாயகி.


கள்ளக்குறிச்சி,
5-1-1987.

பெரியநாயகிக்கு,

நாங்கள் சுகம். இரண்டு நாள் ஜெயாவோடு சண்டை போட்டுவிட்டு இந்தக் கார்டை எழுதுகிறேன். அவளும் உன் கட்சிதான்.

பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை, சூரியன் எழும்பும்போது. முதல் நாளே வந்துவிடு. வெள்ளைப் புடவை வேண்டாம். நல்ல சிவப்பாகக் கட்டிக்கொண்டு வா. மேலே இருந்து பார்த்தால் என் வளையலுக்குள் நீ தெரிய வேண்டும்.

அண்ணன்.


வெள்ளிமலை,
20-2-1987.

அண்ணனுக்குப் பெரியநாயகி எழுதுவது.

வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிறது. உடம்பு எப்படி என்று நீயும் அண்ணியும் மாறி மாறி இரண்டு கார்டு போட்டுவிட்டீர்கள். ரத்தமும் கக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. பசிதான் ஜாஸ்தியாகியிருக்கிறது. இங்கே மலைக்காரர்கள் என்னை 'சாமி பார்த்த நர்ஸம்மா' என்கிறார்கள். ஊசிக்குப் பயந்து ஓடுகிற செங்கம்மாள்கூட இப்போது தானாகக் கையை நீட்டுகிறாள்.

ஆனால் உன்னிடம் ஒன்று சொல்லாமல் வந்துவிட்டேன். அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அன்றைக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஊரையே ஒதுக்கிவிட்டார்கள். நடுவில் பசுவும் கன்றும், நாற்காலியில் கண்ணாடி, பக்கத்தில் நான். எவ்வளவு பெரிய வெறும் இடம் அண்ணே அது! நீ ஈர வேட்டியோடு ஏறினாய். படி எண்ணிக்கொண்டு ஏறினது உன் உதட்டில் தெரிந்தது. மேலே போய்ப் புருவத்தைத் தடவினாய், மூக்குத்தண்டைத் தடவினாய், நூலைக் கட்டினாய், முடிச்சை விரலால் தேடினாய். அம்மா நமக்குத் தலை வாரும்போது வகிட்டை விரலாலேயே தேடுவாளே, அந்த மாதிரி.

முதல் கண்ணுக்கு நீ பிரஷ்ஷை நீட்டி நிறுத்தினாய். நான் நன்றாகப் பார்த்தேன். நடுவில் இருந்தது. "சரி" என்று கத்தினேன். நீ வைத்தாய், சுற்றினாய். கருமணி வந்து உட்கார்ந்தது. ஒரு கண் திறந்த சாமியும், ஒரு கண்ணோடு நீயும், பக்கத்தில் பக்கத்தில்.

அப்புறம் நீ அடுத்த கண்ணுக்கு நகர்ந்தாய். அண்ணே, அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வழிகிறது. மேலே ஏதோ கறுப்பாக அசைகிறது, அவ்வளவுதான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்க்கிறது. "இரு" என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் "சரி" என்றேன். பார்த்துச் சொன்ன சரி இல்லை அது. பார்க்காமல் சொன்னது.

மேளம் அடித்தார்கள், குலவை போட்டார்கள். "உன் தங்கச்சி கொரலுதான்யா கண்ண வச்சுது" என்று அம்மாசி உன் முன்னாலேயே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ அதைக் கூச்சம் என்று நினைத்திருப்பாய். சாமி முகத்தை அன்றைக்கு நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது, அந்த வளைவில், ஜன்னல் வழியாகத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு கண்ணும் நேராக ரோட்டைப் பார்த்தன. நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். டிரைவர் வண்டியை மெதுவாக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஊர் என்னைப் புகழ்கிறது. அந்தக் கண்ணை நீ தனியாக வைத்தாய். எனக்கு அதில் பங்கு இல்லை. இதை ஊருக்குச் சொல்லவேண்டும் என்றால் வந்து சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. மருந்தை நிறுத்திவிடாதே.

பெரியநாயகி.


கள்ளக்குறிச்சி,
1-3-1987.

அன்புத் தங்கை பெரியநாயகிக்கு,

இங்கே நான் நலம், ஜெயா நலம், மூக்குத்தியில் புதுக் கல் நலம். உனக்குப் பசி ஜாஸ்தி என்று படித்து ஜெயா முறுக்கு சுட்டிருக்கிறாள், இந்த வாரம் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள்.

அடி அசடே, எனக்குத் தெரியும்.

உன் முதல் 'சரி' ஊசி போடுகிற நர்ஸின் சரி. வெடுக்கென்று வந்தது. இரண்டாவது 'சரி' வந்தபோது நான் கருமணியைச் சுற்றி முடித்துப் பிரஷ்ஷையும் எடுத்துவிட்டேன். அதுவும் மூக்கடைத்த குரலில் வந்தது. ஏழு வயதிலிருந்து கேட்கிற அழுகை எனக்குத் தெரியாதா? ஏன் காத்திராமல் வைத்தாய் என்று கேட்பாய். அளந்து போட்ட முடிச்சு விரலில் நின்றுவிட்டது, இடம் அதுதான் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கீழே பார்த்தேன். வளையலுக்குள் சிவப்பாக நீ நின்றாய். ஊரே ஓடிப்போன இடத்தில் நீ ஒருத்தி மட்டும், பசுமாட்டுக்குப் பக்கத்தில், மாட்டைவிடக் குள்ளமாக! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் வைத்தேன். நீ எனக்குச் சரி சொல்ல வந்ததாகவா நினைத்தாய்? என் கை கோணாது என்று நம்பி ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டியிருந்தது. நின்றாய். அது போதும் எனக்கு.

ஊருக்கு ஒன்றும் சொல்லாதே. மறுபடி கமிட்டி கூடிவிடும்.

பால் சொசைட்டிக்காரர் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "பெயிண்டரே, ஒரு வருசமா சாமி என்னியே பாத்துக்கினு கீது, கண்ணக் கொஞ்சம் ஏரிப் பக்கம் திருப்பக் கூடாதா?" என்று ஒரே புலம்பல். இன்னும் பதினோரு வருஷம் என்று சொல்லி மோர் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வேலை ஒப்புக்கொண்டாயிற்று. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் பதினெட்டடி ஐயனார், குதிரையோடு. கண் சங்கதியை முதலிலேயே சொன்னேன். "தெரியும், அதனாலதான் வந்தோம். அந்தத் தங்கச்சியும் வருவாங்களா?" என்று கேட்டார்கள். குதிரைக்கும் கண் உண்டு, ஆக மொத்தம் நாலு. ஆவணியில் வைத்திருக்கிறார்கள். சிவப்புப் புடவையைத் துவைத்து வை. கைக்குட்டை ஒன்று மறக்காமல் கொண்டுவா.

சொட்டு மருந்தை ஜெயா காலையும் மாலையும் தவறாமல் விடுகிறாள். சாரம் ஏறுகிற நாளிலும்தான். எரிகிறது, இருந்தாலும் விடச் சொல்லிவிட்டேன். புட்டி தீரப் போகிறது. ஆவணி வரை காத்திராமல் இந்த மாதமே ஒரு நடை வந்து போ, வரும்போது இரண்டு வாங்கி வா.

உன் அண்ணன்,
பிச்சைமுத்து.